சித்தப்பாவின் வழக்கும் அமைச்சரின் வழக்கும்

எனக்கு வந்த கேள்வி இது: "அண்ணாச்சி, நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில எங்க சித்தப்பா பைக்கை ஒரு கார் அடிச்சிட்டுப் போயிட்டு. கார் ஒரு கட்சிப் பிரமுகரோடது. சித்தப்பாவுக்குக் கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில கிடக்காவ. 19 நாளாச்சு, ஸ்டேஷன்ல புகார் வாங்கினதுக்கு ரசீது, அந்த சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுத் தந்திருக்காவ. டீக்கடையில ஒரு பெரியவர் சொல்லுதாரு, 'ஓட்டு வாங்கி ஜெயிச்சு நாட்டை ஆளுதவனையும் நம்மளையும் ஒரே மாதிரி நடத்த முடியுமால? கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தான் செய்யணும்'னு. அது சரியா? சட்டத்துலயே அப்படி இருக்கா?"

தம்பி, சட்டத்தில் அப்படி இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால் "சட்டத்தின் முன் எல்லோரும் சமம்" என்று ஒரு வரியில் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் அது உங்கள் சித்தப்பாவுக்குச் செய்கிற துரோகம். அந்த வரி எல்லோருக்கும் தெரியும். அது எந்த இடத்தில் முறிகிறது என்பதுதான் தெரிய வேண்டியது.

நான் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் 30 வருடத்துக்கு மேலாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில்தான். ஆகவே யாரையும் பிடித்து உள்ளே போட்டால் நியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கிறது. கிரிமினல் வழக்கிலிருந்து முழு விலக்கு பெற்றவர்கள் இரண்டே பதவிக்காரர்கள்: குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும். 361-ஆம் பிரிவுப்படி அதுவும் பதவியில் இருக்கும் வரைதான். பிரதமருக்கு இல்லை, முதலமைச்சருக்கு இல்லை, அமைச்சருக்கு இல்லை. எம்.எல்.ஏ.வைக் கைது செய்யச் சபாநாயகரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று காவலர்களே சிலர் நம்புகிறார்கள். தவறு. சபை வளாகத்துக்குள் என்றால்தான் அனுமதி வேண்டும். வெளியே கைது செய்தால் சபாநாயகருக்குத் தகவல் சொன்னால் போதும். கூட்டத்தொடருக்கு முன்னும் பின்னும் 40 நாள் கைது கூடாது என்ற சலுகை சிவில் வழக்குகளுக்கு மட்டும் உள்ளது.

சபைக்குள் பேசிய பேச்சுக்கும் போட்ட ஓட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் ஓட்டுப் போடப் பணம் வாங்கினால்? 1998-இல் நரசிம்ம ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். 26 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தூக்கி எறிந்தார்கள். லஞ்சம் வாங்குவது சபை வேலை ஆகாது என்று இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சபைக்குள் நாற்காலியை உடைத்தாலும் அப்படியே. கேரளச் சட்டமன்றத்தில் 2015-இல் நடந்த ரகளை வழக்கைத் திரும்பப் பெற அந்த அரசு முயன்றபோது, உச்ச நீதிமன்றம் 2021-இல் மறுத்துவிட்டது.

இன்னொரு கதவு இருக்கிறது: முன் அனுமதி. பதவியில் இருப்பவர் பதவி வேலையை ஒட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு அது. 2018-இல் 17ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, பதவியில் இருந்தபோது எடுத்த முடிவுகளைப் பற்றி விசாரணை தொடங்கவே அனுமதி தேவை என்று ஆக்கினார்கள். நேர்மையான அதிகாரியை ஒவ்வொரு கையெழுத்துக்கும் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது என்பது இதன் நோக்கம். நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அனுமதி கொடுக்க வேண்டிய கையும் குற்றம் சாட்டப்பட்ட கையும் ஒரே மேசையில் சாப்பிடுகிற கைகளாக இருக்கும்போது கோப்பு நகராது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று 218-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். அது நல்ல மாற்றம்.

ஆகச் சட்டப் புத்தகத்தில் பெரிய ஆளுக்கு இருக்கும் சலுகை இவ்வளவுதான். உங்கள் சித்தப்பாவை மோதிய காருக்கு இதில் எதுவுமே பொருந்தாது. அப்படியானால் 19 நாள் ஏன் ஆனது?

என்னிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஒருவர் களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். நாலு தார் திருடியதாக வழக்கு. மாலையில் பிடித்தார்கள், மறுநாள் காலை ரிமாண்ட். பத்தாம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொத்து வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவருக்குச் சொந்தம் என்று இருந்தவர்கள் எல்லோரும் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருக்க, மனுஷன் இன்னும் 37 நாள் உள்ளே கிடந்தார். இன்னொரு வழக்கில் நான் பாதிக்கப்பட்டவர் தரப்பு. அவர் ஒரு சர்வேயர். அளக்கப் போன இடத்தில் ஒரு உள்ளூர் அரசியல்வாதி அவரை அடித்துப் பல்லை உடைத்தார். அந்த அரசியல்வாதிக்குச் சம்மன் சார்பு செய்ய மூன்று வருடம் முடியவில்லை. "வீட்டில் இல்லை" என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுதி வந்தது. அந்த மூன்று வருடமும் கோர்ட்டுக்குப் போகும் வழியில் அவருடைய முகத்தை நான் பேனரில் பார்த்தபடிதான் போனேன். கடைசியில் வழக்கு சாட்சிக்கு வந்தபோது சர்வேயருக்கு இரண்டு இடமாற்றம் ஆகியிருந்தது, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். கூண்டில் ஏறி "அடித்தவரை அடையாளம் சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்க சார்" என்றார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை.

இரண்டு வழக்கிலும் நீதிபதிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டமும் ஒன்றுதான். ஒருவருக்கு ஓர் இரவில் நடந்தது மற்றவருக்கு மூன்று வருடம் நடக்கவில்லை. அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: தீர்ப்பில் சமம் இருக்கிறதா என்று தேடாதீர்கள். ஸ்டேஷன் வாசலிலும் வாய்தாப் பட்டியலிலும் தேடுங்கள்.

இது இன்று நேற்று வந்ததா? நம் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னால் விளங்கும். சிங்கம்பட்டி என்றால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலும் ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் ஜமீன்தார் கொடுத்த காட்சியும்தான் நமக்கு நினைவு. அந்த ஜமீனுக்கு ஒரு கொலை வழக்கும் உண்டு. 1919 அக்டோபரில் சென்னையில், ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த நியூயிங்டன் மாளிகையின் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் நம் சீமையைச் சேர்ந்த இரண்டு வாரிசுகள் மேல் விழுந்தது. ஒருவர் கடம்பூர், ஒருவர் சிங்கம்பட்டி. சிங்கம்பட்டியார் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறினார். கடம்பூரார் பம்பாயில் விசாரிக்கப்பட்டு விடுதலை ஆனார். அந்த வழக்குக்குக் கொட்டிய பணத்தால் ஏறிய கடன்தான் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலையைக் குத்தகைக்கு விட்டதற்குக் காரணம் என்று அம்பாசமுத்திரம் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். 1929-இல் 8,373 ஏக்கர் மலைக்காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா கம்பெனிக்குப் போனது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி வந்த தேயிலைத் தோட்டங்கள்.

அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 70 வருடம் கழித்துக் கூலி உயர்வு கேட்டார்கள். போராடியவர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. தடியடியில் சிதறிய கூட்டம் தாமிரபரணிக்குள் இறங்கியது. 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. நான் அப்போது ஜூனியர் வக்கீல். மறுநாள் ஹைகிரவுண்ட் பிணவறை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1919-இல் ஒரு வெள்ளைக்காரர் செத்தார். ஜமீன் வாரிசுகளே ஆனாலும் வழக்கு, கைது, விசாரணை எல்லாம் நடந்தன. இறுதியில் விடுதலைதான். ஆனால் சாட்சியம் கோர்ட்டில் வைக்கப்பட்டு, கேட்கப்பட்டு, அதன் பிறகு வந்த விடுதலை அது. 1999-இல் 17 பேர் செத்ததற்கு அரசு விசாரணை ஆணையம் வைத்தது, ஓய்வு பெற்ற நீதிபதி மோகன் தலைமையில். விசாரணை ஆணையம் கோர்ட் ஆகாது, தம்பி. 1952-ஆம் வருடச் சட்டப்படி அதன் அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆணையத்தின் முன் ஒருவர் ஒப்புக்கொண்டதை வைத்து அவர்மேல் கிரிமினல் வழக்கும் நடத்த முடியாது. அந்தச் சாவுகளுக்காக எந்த அதிகாரியும் தண்டனை பெறவில்லை. உத்தரவிட்டவர் யார், அந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்க ஒரு கூண்டு கிடைக்கவில்லை. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகும் ஆணையம்தான் முன்னால் வந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தெளிவாகவே எழுதியது, 17 போலீஸார் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்தது. அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது நாலு வருடம் ஐந்து மாதம் ஓடியிருந்தது. சாதாரண ஆள் கொலை செய்தால் 90 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும், இல்லாவிட்டால் ஜாமீன் கொடுத்தாக வேண்டும். அதிகாரம் கொன்றால் முதலில் ஆணையம். சமமின்மைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாட்சிகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு 1996-97-இல் தொடங்கியது. 2001-இல் அவர் கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தது. அதன்பின் ஏற்கெனவே சாட்சி சொல்லிப் போன 76 பேரைத் திரும்ப அழைத்தார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் அதை எதிர்க்கவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றினார்கள். 2014 செப்டம்பர் 27 தண்டனை, 2015 மே மாதம் விடுதலை, 2017 பிப்ரவரி 14 உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன் 2016 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். 20 வருடம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இது நியாயமா என்று கேட்கிறேன். அவர் குற்றமற்றவர் என்றால் 20 வருடம் அந்தச் சுமையைச் சுமந்திருக்க வேண்டாம். குற்றவாளி என்றால் அதற்குள் மூன்று முறை ஆட்சியில் அமர்ந்திருக்க முடியாது.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்போது தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி மேலான ஒரு வழக்கு விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு நிர்வாக உத்தரவில் மாற்றப்பட்டு, 2023 ஜூனில், எழுத்துமூல வாதம் கொடுத்து நாலைந்து நாளில் 226 பக்கத் தீர்ப்போடு விடுதலையில் முடிந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே அதை மறுஆய்வுக்கு எடுத்தார். விருதுநகர் மாவட்டத்து அமைச்சர்கள் இருவர் வழக்கில் ஆட்சி மாறியதும் லஞ்ச ஒழிப்புத் துறையே தன் முந்தைய விசாரணைக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்ய, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பக்கம் ஓ. பன்னீர்செல்வம் மேலான சொத்து வழக்கை 2012-இல் அவர் கட்சி ஆட்சியிலேயே அரசு திரும்பப் பெற்றது. அதையும் 2024 அக்டோபரில் அதே நீதிபதி ரத்து செய்தார். இவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது சாட்சி விசாரணை முடிந்து தெரிய வேண்டியது. எனக்குப் பயம் தருவது வேறு. விசாரணை செய்கிற துறையும் வழக்கு நடத்துகிற வக்கீலும் தேர்தல் முடிவைப் பார்த்து நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதுதான் அது. வாழைத்தார் வழக்கில் எந்த ஆட்சி வந்தாலும் அரசு வக்கீல் அதே வாதத்தைத்தான் வைப்பார்.

இதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மேலான எந்த வழக்கையும் உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அரசு திரும்பப் பெறக் கூடாது என்றது. அவர்களுக்கென்று சிறப்பு நீதிமன்றங்களும் 2018 முதல் வந்தன. தனி நீதிமன்றம் வைப்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்று சில வக்கீல் நண்பர்கள் வாதிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021 டிசம்பர் கணக்குப்படி நாடு முழுவதும் இப்படி 4,984 வழக்குகள் தேங்கிக் கிடந்தன. பின்தங்கிப்போன வரிசையை முன்னே தள்ளுவது சலுகை ஆகாது.

இனி உங்கள் டீக்கடைப் பெரியவருக்கு வருகிறேன். அவரைக் குறைவாக நினைக்காதீர்கள். நிறைய பேர் மனதில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். பாதிப் பயம், பாதி மரியாதை. அவர் வாதத்தை ஒரு நல்ல வக்கீல் எடுத்து வைத்தால் இப்படி இருக்கும்: "லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். வழக்கு இருப்பது தெரிந்தே போட்டார்கள். அதற்கு மேல் ஒரு மாஜிஸ்திரேட் யார்?" என் பதில், ஓட்டு என்பது ஒரு வேலையை ஒப்படைப்பது. மன்னிப்பு வழங்குகிற அதிகாரம் அதில் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரரின் காலை ஒடித்தவரை மன்னிக்க எனக்கு உரிமை இல்லாதபோது, என்னைப் போல லட்சம் பேர் சேர்ந்தாலும் அந்த உரிமை எங்கிருந்து வரும்? இன்னொன்று, மக்கள் எதைத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போட்டார்கள்? 2024 மக்களவையில் ஜெயித்த 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாக வேட்புமனுவில் தாங்களே எழுதியிருக்கிறார்கள். அதில் போராட்ட வழக்கு எது, பொய் வழக்கு எது, கொலை வழக்கு எது என்று வாக்காளருக்கு எப்படித் தெரியும்? கோர்ட் சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டைச் சொல்லவிடாமல் 15 வருடம் இழுத்துவிட்டு, பிறகு மக்கள் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்பது மக்களையே ஏமாற்றுவது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. நான் மதிக்கிற வாதம். அதிகாரத்தில் இருப்பவர் எதிரியை வழக்குப் போட்டே அழிப்பார் என்பது. 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதியைக் கைது செய்தது நினைவிருக்கிறதா? உங்களுக்கு வயது போதாது. சென்னையில் மேம்பாலம் கட்டியதில் ஊழல் என்ற வழக்கு. 77 வயது மனிதரை, நான்கு முறை முதலமைச்சராக இருந்தவரை, இரண்டு மணிக்குப் படுக்கையறைக்குள் போய் இழுத்து வந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த எதிர்க்கட்சிக்காரர்கூடக் கண்கலங்கினார். அது தவறு. சமமாக நடத்துவது என்றால் அது இல்லை.

ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது இன்றும் மாறவில்லை. அந்த இரவில் அவருக்கு நடந்தது எங்கள் பக்கத்துச் சேரியிலும் குப்பத்திலும் எத்தனையோ பேருக்கு நடந்துகொண்டிருக்கிறது, கேமரா இல்லாமல். 2020 ஜூன் 19 சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று பிடித்துப் போகப்பட்டார்கள். நாலு நாளில் இருவரும் பிணம். ரிமாண்ட் செய்யும்போது அந்த உடம்பில் இருந்த காயத்தைப் பார்த்திருக்க வேண்டிய கண்கள் பார்க்கவில்லை. பெரிய தலைவருக்குக் கிடைக்கிற முன்ஜாமீன், மூத்த வக்கீல், மருத்துவப் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமை விசாரணை, இதெல்லாம் பறிக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாத்தான்குளத்துக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். 2022 கணக்கில் நாட்டின் சிறைவாசிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவர்கள். பாளையங்கோட்டைச் சிறையில் மனு கொடுத்துக் கட்சிக்காரரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த நாலில் மூன்று பங்கைத்தான் பார்க்கிறேன்.

இதே காரணத்தால்தான், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 130-ஆவது திருத்த மசோதாவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றத்தில் 30 நாள் காவலில் இருந்தால் அமைச்சர், முதலமைச்சர், பிரதமர் யாராக இருந்தாலும் பதவி போகும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் 48 மணி நேரம் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் ஆனதாகக் கருதப்படும்போது, சிறையில் இருந்துகொண்டே ஒருவர் எட்டு மாதம் இலாகா இல்லாத அமைச்சராக இருந்ததை 2023-24-இல் நாமே பார்த்தோம். அது எனக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் கைது என்பது போலீஸ் எடுக்கும் முடிவு. அந்தப் போலீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் எதிரியின் பதவியும் வந்துவிடும். நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, குற்றச்சாட்டுப் பதிவு செய்கிறாரே, அந்த நாளை அளவுகோலாக வைக்கட்டும். அதோடு அந்தக் கட்டம் வருவதற்கு ஒரு கெடுவும் வைக்கட்டும். தண்டனை வந்தால் என்ன என்பதில் 2013 ஜூலையிலேயே லில்லி தாமஸ் வழக்கில் தெளிவு வந்துவிட்டது. இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் அன்றே உறுப்பினர் பதவி போகும், மேல்முறையீடு செய்தோம் என்று மூன்று மாதம் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது.

வெளிநாட்டிலும் இது தீர்ந்த பிரச்சினை இல்லை. இஸ்ரேலில் முன்னாள் குடியரசுத் தலைவர் கட்சாவ் பாலியல் குற்றத்துக்கு ஏழு வருடச் சிறை பெற்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2024 ஜூலை 1 அன்று, முன்னாள் அதிபருக்கு அதிகாரபூர்வச் செயல்களில் பரந்த பாதுகாப்பு உண்டு என்று ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. நம் அரசியல் சட்டம் பிரதமருக்குக்கூட அதைக் கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம்முடையது மேல் என்றே நினைக்கிறேன்.

சரி, சித்தப்பா.

கால் எலும்பு முறிவு என்றால் அது கொடுங்காயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125(பி) பிரிவுகள் வரும். புகாரில் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 லலிதா குமாரி தீர்ப்பு சொல்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(3)-இல் இடம் கொடுத்திருக்கிறது. அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். உங்களுக்கு 19 நாள் ஆகிவிட்டது. ஆக அந்தச் சாக்கும் இல்லை.

நாளைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். ஹைகிரவுண்டில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், எழுதி வாங்குங்கள், அதில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று எழுதப்பட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். சுங்கச்சாவடி கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி அங்கேயும், நிலையத்துக்கும், எழுத்தில் கொடுங்கள். அந்தப் பதிவு பல நாள் இருக்காது, புதுப் பதிவு மேலே ஏறிவிடும். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். பிறகு புகாரின் நகலையும் சி.எஸ்.ஆர். நகலையும் சேர்த்து மாவட்டக் கண்காணிப்பாளருக்கு 173(4)-இன் கீழ் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகாரில் பிரமுகரின் கட்சி, பதவி எதையும் எழுத வேண்டாம். வண்டி எண், நேரம், இடம், ஓட்டியவர் அடையாளம், பார்த்தவர் பெயர், அவ்வளவு போதும். நீங்கள் அவருடைய பதவியைப் புகாரில் கொண்டுவந்தால் அவர் தரப்பு அதை அரசியல் காழ்ப்பு என்று திருப்பும்.

பத்து நாள் பாருங்கள். அசையவில்லை என்றால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். அதை நான் போட்டுத் தருகிறேன், கட்டணம் பற்றி யோசிக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது எஸ்.பி.க்கு அனுப்பியதற்கு அத்தாட்சி. இழப்பீட்டு மனு தனி, அதை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். யாராவது வீட்டுக்கு வந்து பணம் தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றால் சித்தி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தபால் ரசீதை நனையாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், திங்கட்கிழமை வரும்போது அதைக் கொண்டு வாருங்கள்.